மதில் நகரங்கள் – 7: கல் அறுத்தவர் பெயர்

சீனாவின் நான்ஜிங் நகரத்து மதிலிலிருந்து பெயர்ந்த ஒரு செங்கல்லை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கையால் தூக்க முடியாது. நீளம் சுமார் 40 சென்டிமீட்டர், அகலம் 20, கனம் 10. நம் ஊர்ச் சூளைக் கல் நான்கைந்தைச் சேர்த்துக் கட்டினால் வரும் எடை. நிறமும் சிவப்பு அல்ல, மழைமேகச் சாம்பல். கல் வெந்து முடிகிற தறுவாயில் சூளையை மூடி, மேலிருந்து தண்ணீர் கசியவிட்டு ஆறவைத்தால் இந்த நிறம் தங்கும் என்று சீனத்துச் சூளைக்காரர்கள் கண்டுவைத்திருந்தார்கள்.

கல்லைத் திருப்பினால் பக்கவாட்டில் எழுத்துகள் தெரியும். சிலவற்றில் அச்சு வைத்து அழுத்தியவை, சிலவற்றில் ஈரக் களிமண்ணில் குச்சியால் கீறியவை. மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு முழு அரசாங்கமே அந்தக் கல்லில் வரிசையாக நிற்கிறது. மாவட்டத்தின் பெயர், மேற்பார்வை பார்த்த அதிகாரி, அவருடைய எழுத்தர். அதற்குக் கீழே குடிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து வேலை வாங்கிய பெரிய தலைவர், நடுத் தலைவர், சிறிய தலைவர். பிறகு சூளைக்காரர். எல்லாருக்கும் கீழே, கல் அறுத்தவர்.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் யாங்ட்சி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் களிமண் மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த ஒருவரின் பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. உலகத்தின் மதில் நகரங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கல்தான். மதிலைப் பார்க்கிற எவரும் உயரத்தைக் கேட்பார்கள், நீளத்தைக் கேட்பார்கள், எந்த ராஜா கட்டினார் என்று கேட்பார்கள். யார் செலவில் கட்டினார் என்று கேட்பவர் அபூர்வம். அந்தக் கேள்வியோடு மட்டும் சில மதில்களை இந்த வாரம் சுற்றி வருவோம்.

நான்ஜிங் மதிலைக் கட்டியவர் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஜு யுவான்ஜாங். சீனப் பேரரசர்களில் அவரைப்போல ஏழ்மையிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. 1344இல் பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து வந்தபோது தாய், தந்தை, அண்ணன் என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். புதைக்க நிலம் இல்லை. பதினாறு வயதில் பௌத்த மடத்தில் சேர்ந்து, ஊர் ஊராகத் திருவோடு ஏந்திப் பிழைத்தார். பின்பு கலகப் படையில் சேர்ந்து, 1356இல் நான்ஜிங்கைப் பிடித்தார். உயர்ந்த மதில் எழுப்பு, தானியத்தைச் சேர்த்து வை, அரசன் என்று அறிவித்துக்கொள்ள அவசரப்படாதே என்று ஒரு முதியவர் அவருக்கு ஆலோசனை சொன்னதாக வரலாறு. மூன்றையும் அவர் கேட்டார். 1366இல் மதில் வேலை தொடங்கியது. 1368இல்தான் பேரரசர் ஆனார். வேலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. சுற்றளவு 35 கிலோமீட்டர். சதுரமாக, நூல் பிடித்தாற்போல் நகரம் அமைப்பது சீன மரபு. இந்த மதிலோ குன்று வந்தால் குன்றின்மேல் ஏறி, ஏரி வந்தால் கரையோரம் வளைந்து, ஆற்றையே அகழியாக்கிக்கொண்டு போகிறது. அதில் சுமார் 25 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது.

இவ்வளவுக்கும் கல் எங்கிருந்து வந்தது? இன்றைய ஜியாங்சு, அன்ஹுயி, ஜியாங்ஷி, ஹூபே, ஹூனான் மாகாணங்களின் ஊர்களிலிருந்து, யாங்ட்சி ஆற்றிலும் அதன் கிளைகளிலும் படகேறி வந்தது. ஆள்? 1368இல் ஒரு விதி போட்டார்கள். சுமார் 15 ஏக்கர் நிலத்துக்கு ஓர் ஆள். உழவு ஓய்ந்திருக்கும் காலத்தில் தலைநகரத்துக்கு வந்து 30 நாள் வேலை செய்துவிட்டுப் போக வேண்டும். அரசாங்கக் கணக்கில் இது வரி. வீட்டுக் கணக்கில், அறுவடை முடிந்து கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் ஒரே மாதமும் போயிற்று என்று பொருள்.

கல்லில் பெயர் எழுத வைத்தது மரியாதைக்காக அல்ல. கல் உடைந்தாலோ வேகாமல் இருந்தாலோ யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அதற்காக. குற்றம் கண்டுபிடிக்க ஏற்படுத்திய பதிவு. பஞ்சத்தில் குடும்பத்தைப் புதைக்க ஆறடி மண் இல்லாமல் தவித்த ஒருவர், அதிகாரத்துக்கு வந்ததும் தன்னைப் போன்ற குடியானவர்களைக் கண்காணிக்க இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு செய்தார் என்பது எனக்கு இன்னமும் வலிக்கிறது. ஆனாலும் அந்த ஏற்பாடு அவர் நினைக்காத ஒன்றையும் செய்துவிட்டது. எத்தனையோ அரண்மனைகளுக்குச் சிற்பி யார் என்றே தெரியாத உலகத்தில், நான்ஜிங்கில் மட்டும் மண் மிதித்தவருக்குப் பெயர் இருக்கிறது. அச்சு வைத்த எழுத்துகள் திருத்தமானவை. குச்சியால் கீறியவற்றில் கை நடுங்கியிருக்கிறது, கோடு விடுபட்டிருக்கிறது, ஒரே ஓசை உள்ள வேறு எழுத்து விழுந்திருக்கிறது. எழுதிப் பழகாத கை என்று பார்த்தவுடன் தெரியும்.

மதிலுக்குப் பணம் கொடுத்த செல்வந்தரைப் பற்றியும் அங்கே ஒரு கதை உண்டு. ஷென் வான்சான் என்ற பெருவணிகர் மதிலின் மூன்றில் ஒரு பங்கைத் தன் சொந்தச் செலவில் கட்டிக்கொடுத்தாராம். அதோடு நில்லாமல், படைவீரர்களுக்கும் நானே பரிசு தருகிறேன் என்றாராம். பேரரசருக்குக் கோபம் வந்துவிட்டது. என் படைக்கு நீ யார் கொடுக்க என்று கொல்ல உத்தரவிட, அரசி மா குறுக்கிட்டு உயிரைக் காப்பாற்ற, தொலைதூர யுன்னானுக்கு நாடு கடத்தப்பட்டார் என்று முடிகிறது கதை. மிங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்றிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. அந்த வணிகர் மிங் ஆட்சி தொடங்கும் முன்பே இறந்திருக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், மக்கள் இந்தக் கதையை விடாமல் சொல்லி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மதிலுக்கு விலை கொடுத்தவர்கள் பேரரசரிடம் நன்றி பெறவில்லை என்பது மக்களுக்குத் தெரியும்.

அந்த மதில் காத்ததா? ஜு யுவான்ஜாங் 1398இல் இறந்தார். பேரன் பட்டத்துக்கு வந்தான். நான்காவது மகன் ஜு டி, அண்ணன் மகனுக்கு எதிராகப் படையெடுத்தார். மூன்று ஆண்டு உள்நாட்டுப் போருக்குப் பின் 1402 ஜூலையில் அவர் நான்ஜிங் மதிலடியில் வந்து நின்றபோது, ஏணி சாத்த வேண்டியிருக்கவில்லை, சுரங்கம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. காவலுக்கு வைத்திருந்த தளபதியும் ஓர் இளவரசருமாகச் சேர்ந்து ஜின்சுவான் வாசலை உள்ளிருந்து திறந்துவிட்டார்கள். இருபது ஆண்டு உழைப்பு, கோடிக்கணக்கான கல், ஒரு தாழ்ப்பாளில் முடிந்தது.

இப்படி உள்ளே வந்த ஜு டிதான் யோங்லே பேரரசர். ஜெங் ஹேயின் பெருங்கப்பல்களை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியவர். இந்த இடத்தில் நம் மொழி கதைக்குள் வருகிறது. அந்தக் கப்பல்களில் ஒரு கல்வெட்டு ஏறியது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, நான்ஜிங்கில் பொறிக்கப்பட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழிபாட்டுக்குரியது. தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்முனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயினாருக்குப் பொன், வெள்ளி, பட்டு எனப் பட்டியலிடுகிறது. மதில் கட்டிய அதே நகரத்தில் யாரோ ஒருவர் தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார். 1911இல் அந்தக் கல் கிடைத்த இடம் இலங்கையின் காலி (Galle) நகரம். டச்சுக்காரர்கள் எழுப்பிய கொத்தளங்களோடு இன்றும் நிற்கும் இன்னொரு மதில் நகரம். தெருவோரத்து வாய்க்காலுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி மேற்கே போவோம். கான்ஸ்டாண்டினோப்பிள், இன்றைய இஸ்தான்புல். அங்கே நிலப்பக்கத்து மதில் 413இல் எழுந்தது. பேரரசர் இரண்டாம் தியோடோசியஸுக்கு அப்போது வயது பன்னிரண்டு. மதில் அவர் பெயரைத் தாங்கினாலும் கட்டியவர் ஆட்சியை நடத்திய அமைச்சர் அந்தேமியஸ். மர்மராக் கடலிலிருந்து பொற்கொம்புக் கழி வரை சுமார் 6 கிலோமீட்டர். முதலில் 20 மீட்டர் அகலத்தில் அகழி, பிறகு வெளிமதில், அதற்குப் பின் 12 மீட்டர் உயரமும் 5 மீட்டர் கனமும் உள்ள உள்மதில், அதில் 96 கோபுரங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வரிசைகளுக்கு நடுவே செங்கல் பட்டைகள் ஓடும். அழகுக்கு மட்டுமல்ல. நிலம் அதிர்ந்தால் விரிசல் ஒரேயடியாக மேலே ஏறாமல் அந்தப் பட்டைகள் சமாளித்துக்கொள்ளும்.

இங்கே செலவு யாருடையது? 413ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. யாருடைய நிலத்தை எடுத்து மதில் கட்டினார்களோ, அவர்களே கோபுரங்களின் அறைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுதோறும் தங்கள் செலவில் பழுது பார்த்துத் தர வேண்டும். நிலம் பறிபோனவனுக்குக் களஞ்சியம் கிடைத்தது, அரசுக்கு இலவசமாகப் பராமரிப்புக் கிடைத்தது. நான் படித்த மதில் ஏற்பாடுகளில் ஓரளவு நியாயமாகத் தோன்றியது இதுதான்.

447இல் நிலநடுக்கம். 57 கோபுரங்கள் சரிந்தன. ஹூணர் தலைவன் அட்டிலா பால்கன் நிலங்களைச் சூறையாடிக்கொண்டிருந்த சமயம். மதில் விழுந்த நகரம், வருகிற படை. தேர்ப்பந்தய ரசிகர்கள் அந்த ஊரில் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்பவர்கள். அவர்களையே இரண்டு அணிகளாக நிறுத்தி, ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக்கொடுத்து வேலை வாங்கினார் நகர அதிகாரி என்பது மரபுச் செய்தி. 60 நாளில் மதில் மீண்டும் நின்றது. மெவ்லேவிஹானே வாசலில் இதைச் சொல்லும் கல்வெட்டு கிரேக்கத்திலும் லத்தீனிலும் இன்றும் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அதிகாரியின் பெயர். இரவு பகல் பாராமல் கல் சுமந்தவர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

ஆயிரம் ஆண்டு அந்த நிலமதில் தாங்கியது. 626இல் அவார்கள், 717இல் அராபியர்கள், யாரும் அதைத் தாண்டவில்லை. 1204இல் சிலுவைப் படையினர் உள்ளே நுழைந்தபோதும் கடற்பக்கத்து மதில் வழியாகத்தான். 1453இல் விழுந்ததற்குக் காரணம் பீரங்கி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பீரங்கி உண்மைதான். ஆனால் அந்தப் பீரங்கியை வார்த்த ஓர்பான் என்ற ஹங்கேரிக்காரர் முதலில் வேலை கேட்டுப் போனது யாரிடம் தெரியுமா? உள்ளே இருந்த பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனிடம்தான். சம்பளம் பேசினார்கள், கொடுக்கப் பணம் இல்லை. ஓர்பான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்திடம் போனார். சுல்தான் கேட்டதற்கு மேல் கொடுத்தார். எடிர்னேயில் வார்த்த பெரும் பீரங்கியை மாடுகளைப் பூட்டி, பாதை செப்பனிட்டுக்கொண்டே இழுத்துவந்தார்கள். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கல்குண்டுகள் மதிலில் மோதத் தொடங்கின.

உள்ளே காவலுக்கு இருந்தது சுமார் 7,000 பேர். தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் காசடித்துத்தான் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் பேரரசர். மதிலைப் பழுது பார்க்கக் கொடுத்த பணத்தை இருவர் சுருட்டிவிட்டார்கள் என்று, முற்றுகையை நேரில் கண்ட ஆயர் லியோனார்டு எழுதிவைத்திருக்கிறார். பகலில் குண்டு விழுந்த இடத்தை இரவில் மண்ணும் மரமும் பீப்பாயும் கொண்டு அடைத்தார்கள். கல்மதிலை விட அந்த மண்ணடைப்பு குண்டை நன்றாக வாங்கிக்கொண்டது.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், மே 28. வெனிஸ் கப்பல் மருத்துவர் நிக்கோலோ பார்பரோ தன் நாட்குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். அம்பும் குண்டும் படாமல் மறைந்து நிற்கப் பலகைத் தட்டிகள் ஏழு வண்டி அளவுக்குச் செய்துவைத்திருந்தார்கள். மதிலுக்குச் சுமந்து போக வேண்டும். உள்ளூர்க் கிரேக்கர்களைக் கூப்பிட்டால், கூலி கொடுத்தால்தான் தூக்குவோம் என்றார்கள். வாக்குவாதம் சாயங்காலம் வரை நீண்டது. தட்டிகள் மதிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, பொருத்த முடியவில்லை. கிரேக்கர்களின் பணத்தாசை என்று பார்பரோ கோபத்தோடு எழுதுகிறார். ஐம்பது நாளாக வேலை இல்லை, கடை இல்லை, வெளியிலிருந்து ஒரு மூட்டை தானியம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கையில் ஒரு நாள் கூலி கேட்டவனைப் பணத்தாசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் நகரம் விழுந்தது.

இஸ்தான்புல்லில் யெடிகுலே பக்கம் இந்த மதிலோரமாக நடந்தால் அகழிக்குள் கீரைப் பாத்திகள் இருக்கும். பல நூற்றாண்டாக அங்கே தோட்டம் போடுகிறார்கள். அந்த இடத்து லெட்டூஸ் கீரைக்கு ஊரில் தனிப் பெயர். 2013இல் பூங்கா அமைக்கிறோம் என்று அந்தத் தோட்டங்களில் கட்டட இடிபாடுகளைக் கொட்டியபோது தோட்டக்காரர்களும் வரலாற்று ஆர்வலர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். மதில் நினைவுச்சின்னம் என்றால் மதிலடியில் தண்ணீர் பாய்ச்சும் கையும் அதன் பகுதிதான் என்ற அவர்கள் வாதம் சரியென்றே எனக்குப் படுகிறது.

வியன்னாவின் மதிலுக்குப் பணம் வந்த வழி விசித்திரமானது. சிலுவைப் போரிலிருந்து மாறுவேடத்தில் திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை, ஆஸ்திரியாவின் கோமகன் லியோபோல்டு 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்தார். மீட்புப் பணம் கேட்டார்கள். இங்கிலாந்தில் ஒவ்வொருவருடைய வருமானத்திலும் உடைமையிலும் நாலில் ஒரு பங்கு வரி போட்டார்கள். தேவாலய வெள்ளியை எடுத்தார்கள். துறவியர் மடங்களின் ஓராண்டுக் கம்பளியை எடுத்தார்கள். அந்த வெள்ளியில் லியோபோல்டின் பங்கு வியன்னாவைச் சுற்றி மதிலாக எழுந்தது. யார்க்ஷயரில் ஆடு மேய்த்தவருக்கு வியன்னா எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது. பின்னாளில் அந்த மதில் பெருகி, 1683இல் துருக்கிய முற்றுகையைத் தாங்கி, பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் 1857ஆம் ஆண்டு ஆணையால் இடிக்கப்பட்டது. மதிலுக்கு வெளியே காலியாக வைத்திருந்த நிலத்தை மனை போட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் ரிங்ஸ்ட்ராஸ் பெருஞ்சாலையின் ஓபரா அரங்கமும் மற்றப் பொதுக் கட்டடங்களும் வந்தன.

பகைவனைத் தடுக்காமல், வரி வாங்குவதற்கென்றே கட்டிய மதிலும் உண்டு. பாரிஸ் நகரைச் சுற்றி 1784இல் தொடங்கியது அது. 24 கிலோமீட்டர் நீளம். உயரம் மூன்று மீட்டர்தான், ஏனென்றால் தடுக்க வேண்டியது படையை அல்ல, வரி கட்டாமல் வரும் ஒயின் பீப்பாயை. அரசனுக்காக வரி குத்தகை எடுத்தவர்கள் கட்டினார்கள், யோசனை தந்தவர் அவர்களில் ஒருவரான லவாய்சியர். நாம் வேதியியல் பாடத்தில் படிக்கும் அதே லவாய்சியர். காற்றின் கூறுகளை ஆராய்ந்தவர் பாரிஸுக்குக் காற்று வராமல் அடைத்துவிட்டார் என்று மக்கள் கொதித்தார்கள். 1789 ஜூலையில் பாஸ்டில் சிறை விழுவதற்கு முன்பே இந்த மதிலின் சுங்கச் சாவடிகள் பற்றி எரிந்தன. பசியில் இருந்தவர்களுக்கு, கோட்டையைவிடச் சாவடிமேல்தான் கோபம் முதலில் வந்தது. 1794 மே 8 அன்று மற்ற வரிக் குத்தகைதாரர்களோடு லவாய்சியரின் தலையும் போயிற்று.

சென்னைக்கும் இப்படி ஒரு மதில் இருந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே போகும் வால்டாக்ஸ் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். வால்டாக்ஸ் என்பது ஏதோ ஒரு துரையின் பெயர் என்றே பல ஆண்டு நினைத்திருந்தேன். சுவர் வரி என்று அதற்குப் பொருள்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தபோது, கோட்டையை ஒட்டியிருந்த இந்தியர் குடியிருப்பை இடித்து வெளியாக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்தபின் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று அழைத்த அந்தப் புதிய குடியிருப்புக்கு, 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்தபோது, எந்தக் காப்பும் இல்லை. 1767இலும் 1769இலும் மைசூர்க் குதிரைப்படை நகரத்தின் விளிம்பு வரை வந்து போனது. அதற்குப் பிறகே வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பக் கிழக்கிந்தியக் கம்பெனி முடிவு செய்து, 1769இல் ஒப்பந்தத்தைப் பால் பென்ஃபீல்டு என்பவரிடம் கொடுத்தது. செலவை உள்ளே வீடு வைத்திருப்பவர்களிடம் வரியாக வாங்குவதென்று பேச்சு. சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகத்தில் அந்த வரி கடைசிவரை வசூலாகவில்லை என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது.

வரி வசூலாகவில்லை என்பதால் மக்கள் தப்பித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பென்ஃபீல்டு இந்த மதிலிலும் மற்ற ஒப்பந்தங்களிலும் சேர்த்த பணத்தை ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தார். நவாப் முகமது அலி 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். பட்ட கடனுக்குத் தஞ்சாவூர் வருமானத்தைக் கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தார். 1776இல் சென்னை ஆளுநர் பிகட் தஞ்சையை அதன் மன்னர் துளஜாவிடமே திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சை வருவாயிலிருந்து தனக்கு 2,30,000 பவுண்டு வர வேண்டும் என்று பென்ஃபீல்டு வந்து நின்றார். அந்தத் தகராறு முற்றி, ஆளுநரையே அவருடைய சபையினர் கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே 1777இல் பிகட் இறந்தார். காவிரிக் கரையில் வயலில் நின்ற நெல்லின்மேல், சென்னையில் மதில் கட்டிய ஒப்பந்தக்காரர் உரிமை கோரியிருக்கிறார். 1785இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டைப் பெயர் சொல்லியே சாடினார். அவ்வளவு பணம் சேர்த்தவர் 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. மேற்கு மதிலில் இருந்த வாசல் ஒன்றின் பெயரைத்தான் யானைக்கவுனி என்று இன்றும் சொல்கிறோம். கவுனி என்றால் ஊர்வாசல் என்பதே மறந்துபோய், பேருந்தில் சீட்டு வாங்கும்போது அந்தச் சொல்லை உச்சரிக்கிறோம். வடக்கு மதிலின் மிச்சத்தைப் பழைய ஜெயில் சாலையில் பார்க்கலாம். மேலே பூங்கா அமைத்து, மாடிப் பூங்கா என்று அழைக்கிறார்கள். ஒரு முறை மாலை நேரத்தில் போய் நின்றேன். தெருவிலிருந்து படியேறியதும் காலுக்குக் கீழே கொத்தளம். பக்கவாட்டில் காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. நம் பழைய வீடுகளில் இருக்கும் அதே மெல்லிய கல். குனிந்து தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு எழுத்து ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்தக் கல்லை எந்த ஊர்ச் சூளையில் யார் அறுத்தார், பென்ஃபீல்டு அவருக்கு என்ன கூலி கொடுத்தார்? ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது, ஆளுநர் பெயர் இருக்கிறது, கட்டாத வரிக்குக்கூடப் பெயர் இருக்கிறது.

நான்ஜிங் மதிலுக்கும் இடிபடும் காலம் வந்தது. 1950களில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றும், கல் வேறு கட்டடங்களுக்கு உதவும் என்றும் சொல்லிப் பல பகுதிகளைப் பெயர்த்தார்கள். அப்போது ஜியாங்சு மாகாணப் பண்பாட்டுத் துறையின் துணைத் தலைவராக இருந்தவர் ஜு ஷியே. இளமையில் நான்ஜிங்கின் பழஞ்சின்னங்களைத் தேடித் தேடிப் படம் பிடித்து நூல் எழுதியவர். 1956இல் இடிப்பு நடப்பது தெரிந்து நேரில் ஓடிப்போய்த் தடுத்தார், பத்திரிகையில் எழுதினார், மேலிடத்துக்குத் தெரிவித்தார். தெற்கு வாசலான ஜோங்ஹுவா வாசல் தப்பியது. மூன்று உள்முற்றங்களும், வீரர்கள் மறைந்திருக்க 27 குகையறைகளும் கொண்ட அந்தப் பெருவாசலில் இன்று நாம் ஏறி நிற்க முடிகிறதென்றால் அவர்தான் காரணம். மறு ஆண்டே அவருக்கு வலதுசாரி என்று முத்திரை குத்திப் பதவியைப் பறித்தார்கள். கலாசாரப் புரட்சியில் மேலும் அவமானப்பட்டு, 1968 ஜூலையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இடித்த கற்கள் ஊருக்குள் போயின. வீட்டுச் சுவரிலும் கொல்லைப்புற மதிலிலும் சேர்ந்தன. அண்மைக் காலத்தில் மதிலைச் செப்பனிடத் தொடங்கியபோது, பழைய கல் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நகரத்தில் அறிவித்தார்கள். மக்கள் கொடுத்தார்கள். வாங்கி அடுக்கும்போது முதலில் மண்ணைத் துடைத்து எழுத்தைப் பார்க்கிறார்கள். எந்த மாவட்டம், எந்த அதிகாரி, எந்தச் சூளை, கல் அறுத்தவர் யார்.

(தொடரும்)